தூவி ஜாக்கெட்: சூடு அருமை, ஜிப் தலைவலி

ஜிப் மாற்றக் கொடுத்திருந்த தூவி ஜாக்கெட் (உள்ளே பறவையின் மென்சிறகு அடைத்தது) நேற்றுதான் கைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நண்பர், "இந்தக் குளிர்காலம் மலையில்தான். நீ போட்டிருக்கிற அதே ஜாக்கெட்டை வாங்கலாமா?" என்று கேட்டார். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. எடை, நிறம், எத்தனை பை என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும், விட்டுவிடுகிறேன்.

முதலில் ஜிப். அதைத் திட்டித் தீர்த்தால்தான் மற்றதை நியாயமாகப் பேச முடியும்.

எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று இதில் 3-ஆம் நம்பர் ஜிப்பை வைத்திருந்தார்கள். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். கால்சட்டைப் பைக்குச் சரி, குளிர்கால ஜாக்கெட்டின் முன்பக்கம் முழுக்க ஓடுவதற்கு எந்த மூலைக்கு? போதாக்குறைக்கு, பற்களைப் பூட்டி ஓடும் ரன்னர் இதில் இரண்டு. இரண்டும் அடியில் ஒட்டி நின்றால்தான் ஜிப்பின் மறுபக்க அடிமுனையிலுள்ள ஊசி முழுசாக உள்ளே இறங்கும். மயிரிழை விலகினாலும், கழுத்து வரை ஏற்றிய பிறகு கீழே வாய் பிளக்கும். அப்புறம் அந்த லைனிங். மெல்லிய துணி என்பதால் மார்பு உயரத்தில், எப்போதும் அதே இடத்தில், ரன்னர் அதைக் கவ்விக்கொள்ளும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. கையுறையைக் கழற்றி, நகத்தால் துணியை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே ரன்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ள வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் இதைச் செய்து முடிப்பதற்குள் விரல் நுனி மரத்து, துணி கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்றே தெரியாது. மூச்சின் ஈரம் கழுத்துப் பக்கத்துப் பற்களில் உறைந்திருந்தால் இன்னும் விசேஷம்.

ரன்னர் தேய்ந்து தளர்ந்தபோது குறடால் இரு பக்கமும் லேசாக நெரித்து ஓட்டினேன். அந்த வைத்தியம் கொஞ்ச நாள்தான் தாங்கும். இப்போது 5-ஆம் நம்பர் ஜிப், லைனிங் நெருங்காதபடி உள்பக்கம் விறைப்பான பட்டை. தைத்தவர் கேட்காமலே ரன்னரில் ஒரு கயிற்று வளையம் கட்டிக் கொடுத்தார், கையுறையோடு இழுக்க முடிகிறது. தயாரித்தவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை?

சரி, நியாயத்துக்கு வருவோம். சூட்டில் குறை சொல்லவே முடியாது. தூவி தானாகச் சூடு தருவதில்லை. நம் உடம்பு வெதுவெதுப்பாக்கிய காற்றை நகரவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். 1922 எவரெஸ்ட் முயற்சியில் மலையேறி ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணிக்குள் தூவி அடைத்த கோட்டோடு போனார். மற்றவர்கள் பெரும்பாலும் கம்பளியில். இன்றைக்கும் அடிப்படை அதேதான், துணி மட்டும் இளைத்திருக்கிறது (என் லைனிங் ரொம்பவே இளைத்துவிட்டது).

குளிர்காலத்தில் வெளியே உட்காரப் பழக்கியது இந்த ஜாக்கெட்தான். மலைக்குளிரில் நடப்பது பெரிய விஷயமில்லை. ஏறும்போது வியர்க்கும், நின்றதும் அந்த ஈரமே ஆளை நடுங்க வைக்கும். அதனால் மெல்லிய கம்பளி, மேலே காற்றுத் தடுப்பு, இவற்றோடு லேசாகக் குளிரும்போதே கிளம்பிவிட வேண்டும். ஜாக்கெட் முதுகுப்பையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். நின்ற அடுத்த நிமிடம், குளிர் தெரியுமுன், எடுத்துப் போட்டுவிட வேண்டும். உடம்புச் சூடு போன பிறகு போட்டால் அது எதைப் பிடித்து வைக்கும்?

இது பிடிபட்ட பிறகு விடிகாலைதான் எனக்குப் பிடித்த நேரம். கனமான குளிர்காற்று இரவெல்லாம் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கியிருக்கும். காற்று வீசாத, மேகமில்லாத அப்படிப்பட்ட காலைகளில் கீழே மூடுபனி, மேலே சரிவில் குளிர் குறைவு. 1000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கு அப்போது தலைகீழ். தடித்த நுரைப்பாய் ஒன்றை அடியில் போட்டுக்கொள்ளுங்கள். உட்காரும் இடத்தில் தூவி நசுங்கிவிடும், தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மற்றபடி வெயில் முகத்தில் படும் வரை அசையத் தேவையில்லை.

பராமரிப்பு தொல்லைதான். நனைந்தால் தூவி கட்டிதட்டிச் சூடு போய்விடும். துவைத்தால் உலர்த்தும் எந்திரத்தில் குறைந்த சூட்டில், கூடவே இரண்டு டென்னிஸ் பந்து போட்டு, கட்டி உடையும் வரை ஓட்ட வேண்டும். பையில் அமுக்கியே வைத்திருந்தால் உப்பல் குறையும், தொங்கவிடுங்கள்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். ஐந்துக்கு இரண்டு, இரண்டும் தூவிக்கு. வேறு எதை எடுத்தாலும் கடையிலேயே தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு ஜிப்பைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.