பிசி பொத்தானோடு ஆறு வருடம்

பேர்சனல் கொன்வேயன்ஸ் என்று முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. ரொறன்ரோப் பக்கம் ட்ரக் ஓடும் எங்கள் ஆட்களுக்கு அது 'பிசி'. ஓஃப் டியூட்டியில் இருக்கும்போது சொந்தத் தேவைக்காக ட்ரக்கை எடுத்தால் மின்னணு லொக்கில், அதாவது ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதியும் கருவியில், அதைத்தான் போட வேண்டும். அந்த ஓட்டம் டிரைவிங் கணக்கில் ஏறாது. நான் ஸ்காபரோவிலிருந்து ஒஹாயோ, பென்சில்வேனியாவுக்கு ஆறு வருடமாக ஓடுகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது இந்தப் பொத்தானை அழுத்துவேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று. கனடாவில் ஒரு நாளைக்கு 75 கிலோமீற்றர்தான், அதுவும் லோட் இறக்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 2018 ஜூனில் வந்த விளக்கத்தின்படி லோட் இருந்தாலும் பரவாயில்லை, மைல் வரம்பும் இல்லை. ஆனால் கம்பனி தன் பாட்டுக்கு ஒரு வரம்பு வைக்கலாம். எங்களுக்கு 40 மைல்.

எனக்கு இது அதிகம் கைகொடுத்தது லோட் இறக்கும் இடங்களில்தான். ஒஹாயோவில் ஒரு கிடங்கில் ஐந்து மணி நேரம் காக்க வைத்தார்கள். வேலை தொடங்கி 14 மணி நேரம் போனால், 10 மணி நேரம் ஓய்வெடுக்காமல் அங்கே ட்ரக் ஓட்டக்கூடாது. இறக்கி முடிக்கும்போது என் 14 மணி நேரமும் முடிந்துவிட்டது. உள்ளே நிற்க விடமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். இப்படியான நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பான ஓய்விடத்துக்கு பிசியில் போகலாம். நான் போன முதல் ட்ரக் ஸ்டொப்பில் இடமில்லை, அடுத்ததில் கிடைத்தது. நின்றவுடனே லொக்கில் குறிப்பு எழுதினேன்: "கிடங்கில் நிற்க அனுமதியில்லை. முதல் ட்ரக் ஸ்டொப் நிரம்பியிருந்தது. இங்கே வந்தேன்." அடுத்த வாரம் வீதிச் சோதனையில் அதிகாரி அந்த ஓட்டத்தைத்தான் முதலில் கேட்டார். குறிப்பை வாசித்தார், அதோடு விட்டுவிட்டார்.

ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். பென்சில்வேனியாவில் இரவு எட்டு மணிக்கு நிறுத்தினேன், 14 மணி நேரம் முடிந்திருந்தது. பகல் முழுக்கச் சோறில்லை. பிசியைப் போட்டு நாலு மைல் தள்ளியிருந்த சீன உணவகத்துக்குப் போனேன். சாப்பிட்டு வந்து எஞ்சினைத் திரும்பப் போட்டதும், பிசியிலேயே தொடர்கிறீர்களா என்று திரை கேட்டது. எஞ்சின் நின்று ஓடும் ஒவ்வொரு தடவையும் அது கேட்கும். நான் கவனிக்காமல் கிளம்பிவிட்டேன். நாலு மைலும் டிரைவிங்காகப் பதிந்து, 14 மணி நேரத்துக்கு மேல் ஓடியதாகச் சிவப்புக் கோடு விழுந்தது. கருவி தானாகப் பதிந்த டிரைவிங் நேரத்தை ஓஃப் டியூட்டி ஆக்க முடியாது, நடந்ததை விளக்கிக் குறிப்பு மட்டும் எழுதலாம். அதைவிட மோசம், ஒன்பதரைக்குத் திரும்பியதும் 10 மணி நேர ஓய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. காலை ஏழு மணி அப்போயின்ட்மென்ட் போய்விட்டது. அன்றிலிருந்து சாவியைத் திருப்பினால் முதலில் திரையைத்தான் பார்ப்பேன்.

முன்பு வேலை செய்த கம்பனியில் லோட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பச்சர் ஒருவர் அடிக்கடி, "அண்ணை, பிசியைப் போட்டு அடுத்த லோட் ஏத்திற பக்கமாய் ஒரு 50 மைல் போய் நில்லுங்கோ" என்பார். அது சுத்தப் பிழை. வழியில் நிற்க இடம் இருக்கும்போது அடுத்த லோட்டுக்குக் கிட்டப் போவது கம்பனி வேலை. ட்ரக்கைத் திருத்தக் கொண்டுபோவதும், வேறு ட்ரெய்லர் கொளுவ வெறும் ட்ரக்கில் போவதும் அப்படித்தான். நான் மாட்டேன் என்றேன், இரண்டு வாரம் நல்ல லோட் கிடைக்கவில்லை. பரவாயில்லை. லொக்கில் கையொப்பம் என்னுடையது. பிடித்தால் அவரையா நிறுத்தி வைப்பார்கள்?

இன்னொன்று. பிசி ஓய்வாகத்தான் எண்ணப்படும், ஆனால் களைத்த உடம்போடு ஓட்டக்கூடாது என்ற சட்டம் அப்போதும் இருக்கிறது. கண் சொருகினால் நான் சோற்றையும் விட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

கம்பனி வேவு பார்க்கும் என்று சில தம்பிமார் பயப்படுகிறார்கள். அமெரிக்க விதிப்படி பிசியில் இருக்கும்போது லொக்கில் பதியும் இடம் துல்லியமாக இருக்காது, சுமார் 10 மைல் சுற்றளவுக்குள் என்றுதான் வரும். எந்தக் கடையில் சாப்பிட்டேன் என்று லொக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. கனடாவுக்குள் வந்துவிட்டால் கிலோமீற்றர் கணக்கைப் பிசி போடும்போதும் எடுக்கும்போதும் கொப்பியிலும் எழுதி வைக்கிறேன். 60 தாண்டினால் அன்றைக்கு ட்ரக்கைத் தொடமாட்டேன், கடைக்கு நடந்துதான் போவேன்.