ரோரி கேலகர்: ஆல்பமா, ரசிகர் எடுத்த கேசட்டா?

அயர்லாந்தின் ப்ளூஸ்-ராக் கிதார் கலைஞர் ரோரி கேலகர் மேடைக்கென்றே பிறந்தவர். 1995இல் மறைந்துவிட்டார்; இனி பதிவுகள்தான் கதி.

'ஐரிஷ் டூர் 74' ஆல்பம் 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் நகரங்களில் நடந்த கச்சேரிகளில் பதிவானது. பெயின்ட் உரிந்த அவருடைய 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிதாரின் ஒவ்வொரு சுரமும் தெளிவு. லூ மார்ட்டினின் கீபோர்டு, ஜெர்ரி மெக்கவாயின் பேஸ் கிதார், எதுவும் அமுங்கவில்லை. ஆனால் பல இரவுகளிலிருந்து பொறுக்கி எடுத்த பாடல்கள் இவை.

கூட்டத்தில் ஒருவர் ரெக்கார்டரை மறைத்து வைத்து எடுத்த கேசட் வேறு ரகம். பேஸ் மண்டபச் சுவரில் மோதிக் குழம்பும். டிரம்ஸின் சிம்பல் தட்டு ஓசை இரைச்சலில் கரையும். பக்கத்து இருக்கைக்காரரின் கைதட்டல் கிதாரையே மூடும். 90 நிமிட நாடா என்றால் 45ஆவது நிமிடத்தில், கிதார் சோலோ (தனி வாசிப்பு) நடுவிலேயே பக்கம் தீர்ந்துவிடும். நகலுக்கு நகல் எடுத்திருந்தால் இரைச்சல் இன்னும் கூடும்.

ஆனாலும் ஒரே இரவு, அதே வரிசையில் கிடைக்கிறது. பாட்டுக்கு நடுவே அவர் கம்பியை முறுக்கிச் சுதி சேர்ப்பதும், கூட்டம் காலால் தரையைத் தட்டி அவரைத் திரும்ப அழைப்பதும் அதில் இருக்கின்றன.

புதிதாகக் கேட்பவருக்கு ஆல்பத்தைத்தான் கொடுப்பேன். எனக்குக் கேசட்தான் வேண்டும், ஹெட்போனில், கண்ணை மூடிக்கொண்டு.