சுங்கை சிப்புட்ல பழைய மைவி கார் பார்க்கப் போனோம், போமேன் (மெக்கானிக்) அண்ணன் காப்பாத்தினாரு

தங்கச்சிக்கு ஒரு பழைய மைவி வாங்கலாம்னு இங்க சுங்கை சிப்புட்ல ஒரு கடைல பார்த்தோம், 2012 மாடல், மீட்டர்ல 80,000 சொச்சம் தான், வெளிய பார்க்க பளபளன்னு இருந்துச்சு. நல்லவேளை எங்க தோட்டத்துப் பக்கம் பட்டறை வச்சிருக்கற போமேன் அண்ணனையும் கூட்டிட்டுப் போனேன், 100 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினாரு, குடுத்த காசு வீண் போகல லா.

அண்ணன் வந்ததும் எஞ்சினையே ஸ்டார்ட் பண்ணல. போனட் மேல கைய வச்சாரு, சூடு. "நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட விட்டிருக்கான், காலைல மொத ஸ்டார்ட்ல வர்ற சத்தம் நமக்குக் கேக்கக் கூடாதுன்னு"ன்னாரு. அப்புறம் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தாரு பாருங்க, அடியில ஒரு சாண் நீளத்துக்கு மண் கறை! பின்னாடி பூட்ல (டிக்கில) ஸ்பேர் டயர தூக்கினா கீழ காஞ்ச சேறு, ஜேக்கு துரு புடிச்சுக் கெடக்கு. வெள்ளத்துல முங்குன காடி.

கடைக்காரர்கிட்ட கேட்டா "புஸ்பாகோம் பாஸ் பண்ணிடும் லா"ங்கறாரு, அதான் வண்டி செக் பண்ற நிலையம். பேர் மாத்தறதுக்குப் பண்ற பி5 செக்கிங்ல சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் சரியான்னு தான் முக்கியமா பார்ப்பாங்க, கியர்பாக்ஸ் எப்ப போகும்னு அவங்களா சொல்லுவாங்க?

ஒரே குறை, அண்ணன் வாட்சப்புக்கு பதிலே போட மாட்டாரு, நேர்ல தான் போகணும். தங்கச்சி இன்னும் பஸ்ல தான் வேலைக்குப் போறா, அடுத்த வாரம் ஈப்போல ஒண்ணு பார்க்கணும், அண்ணன்கிட்ட இப்பவே சொல்லி வச்சாச்சு.