கியர் ஆயில் மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள்: படகு வைத்திருப்போர் கவனத்துக்கு

மொரீசியஸின் கிழக்குக் கரையிலுள்ள த்ரூ தோ தூஸிலிருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் எங்கள் படகில் மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் ஜென் 2 வகை அவுட்டிரைவ் (படகின் பின்புறம் வெளியே இருந்து புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர் பகுதி) உள்ளது. அதன் கியர் ஆயிலை 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, அல்லது ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். கடந்த ஜூன் மாதம் அந்த வேலையை எங்கள் குடும்பத்துக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான ஒரு பணிமனையில் ஒப்படைத்தேன். இரண்டு நாள் கழித்துப் படகைத் திருப்பித் தந்தவர்கள், பழைய ஆயிலை வடித்தது, இரண்டு லிட்டர் புது ஆயில் நிரப்பியது, வாஷர்கள் மாற்றியது என்று மூன்று வரிகளில் ரசீது எழுதிக் கொடுத்தார்கள். அவுட்டிரைவோடு குழாயால் இணைந்து, எஞ்சின் அறையிலிருந்தே ஆயில் மட்டத்தைக் காட்டும் குப்பியில் புது ஆயிலின் நீலப்பச்சை நிறம் தெளிவாகத் தெரிந்ததால், நம்பிப் பணத்தைக் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் குப்பியில் ஆயில் குறிக்குக் கீழே இறங்கிவிட்டது. புதிதாக நிரப்பிய அவுட்டிரைவில் தங்கிய காற்று முதல் ஓட்டங்களில் வெளியேறும்போது மட்டம் சற்றுக் குறைவது இயல்பு என்பதால், குறிவரை ஊற்றி வைத்தேன். மறு வாரமும் குறைந்தது. பணிமனை முதலாளியிடம் தொலைபேசியில் கேட்டபோது, "அது அப்படித்தான் தம்பி, குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருங்கள்" என்றார். ஊற்றுகிற ஆயில் எங்கே போகிறது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் முறையும் குறைந்ததும் பயணங்களை நிறுத்திவிட்டுப் படகைக் கரையேற்றினேன்.

ஏப்ரலில் நானும் என் மைத்துனரும் அவுட்டிரைவுக்குப் பாசி ஒட்டாத பெயிண்ட் பூசியிருந்தோம். (அலுமினிய உடலை அரித்துவிடும் என்பதால் செம்பு கலந்த பெயிண்டை இதில் பூசக் கூடாது.) கீழே உள்ள வடிகால் திருகாணியின் தலையை, அதன் வெட்டுப்பள்ளம் உட்பட மூடியிருந்த அந்தக் கறுப்புப் பெயிண்ட் ஓரிடத்திலும் உடையாமல் அப்படியே இருந்தது. ஜூன் மாதம் அந்தத் திருகாணியில் திருப்புளியே படவில்லை. குப்பியில் இருந்த பழைய ஆயிலை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் அந்த இடத்தில் மட்டும் புது ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள்.

திருகாணியை நானே கழற்றினேன். பால் விட்ட தேநீர் நிறத்தில் ஆயில் வழிந்தது. திருகாணி முனையிலுள்ள காந்தத்தில் இரும்புத்தூள் சேறுபோல் அப்பியிருந்தது. புரொப்பெல்லரைக் கழற்றியபோது, தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு இறுகச் சுற்றி, ஆயில் கசியாமல் அடைக்கும் சீல் என்ற ரப்பர் வளையத்தை அறுத்திருந்தது தெரிந்தது. அந்த வழியாகத்தான் ஆயில் வெளியேறிக் கடல்நீர் உள்ளே வந்திருக்கிறது. ஜூனில் உண்மையாகவே ஆயிலை வடித்திருந்தால் அதன் நிறத்திலேயே குற்றம் பிடிபட்டிருக்கும். ஒரு சீலோடு வேலை முடிந்திருக்கும். இப்போது பேரிங்குகள் துருப்பிடித்துக் கியர்களையும் மாற்ற வேண்டிய நிலை.

இந்த வேலையைச் செய்யக் கொடுப்பவர்கள் அருகிலேயே நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழ்த் திருகாணியோடு மேலே உள்ள காற்றுத் திருகாணியையும் கழற்றினால்தான் ஆயில் முழுதாக வடியும். புது ஆயிலைப் பம்பு கொண்டு கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே அடைபடும். மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வந்த பிறகே அதை மூடி, குப்பியில் குறிவரை ஏறும்வரை தொடர்ந்து ஏற்ற வேண்டும். குப்பியோடு சேர்த்து இந்த மாதிரிக்குச் சுமார் 1.9 லிட்டர் பிடிக்கும். பழைய ஆயிலையும் பழைய வாஷர்களையும் கையில் கேட்டு வாங்குங்கள்.

நேரில் போய்க் கேட்டபோது, வேலையாள் செய்த தவறு என்று சொன்ன முதலாளி, பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த ரசீதும், பெயிண்ட் உடையாத திருகாணியின் படங்களும் என்னிடம் உள்ளன. இந்தப் பருவத்தில் அவுட்டிரைவ் ஆயில் மாற்றக் கொடுத்தவர்கள், அடுத்த பயணத்துக்கு முன் உங்கள் கீழ்த் திருகாணியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.