யூஆர் வீடா, தனியார் வீடா? டோக்கியோவில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு

டோக்கியோவில் வாடகை ஏறுகிறது என்பது இப்போது அடிக்கடி கண்ணில் படும் செய்தி. 2025-இல் இதாபாஷி பகுதியில் ஒரு கட்டடத்தின் உரிமையாளர் 72,500 யென் வாடகையை 1,90,000 யென் ஆக்கப் போவதாகக் குடியிருப்பவர்களுக்கு அறிவித்தது தொலைக்காட்சி வரை போனது. அதற்குப் பிறகு இங்கே இருக்கும் நம்மவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு வருகிறது: அடுத்த வீட்டை அரசு சார்ந்த யூஆர் நிறுவனத்தில் பார்ப்பதா, தனியாரிடம் பார்ப்பதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு வருகிறீர்கள், மாதச் சம்பளம் நிலையாக வருகிறது என்றால் முதலில் யூஆரைப் பாருங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால்தான் ஏஜென்ட் கடைப் படி ஏறுங்கள். தனியாக இருக்கும் இளைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் கணக்கு வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

யூஆர் என்று எல்லோரும் சொல்வது, அரசு சார்ந்த நகர மறுசீரமைப்பு நிறுவனத்தை. இப்போதைய வடிவம் 2004-இல் வந்தது. ஆனால் அதன் தொடக்கம் 1955. போருக்குப் பின் நகரங்களில் வீடு கிடைக்காமல் மக்கள் தவித்தபோது, வீட்டு வசதிக் கழகம் ஒன்றை அமைத்து வரிசை வரிசையாகக் கான்கிரீட் கட்டடங்கள் எழுப்பினார்கள். தான்ச்சி என்று சொல்லப்படும் அந்தக் குடியிருப்புகள் உட்பட, இன்று நாடெங்கும் சுமார் 7 லட்சம் வாடகை வீடுகள் இந்த நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் டோக்கியோவின் கிழக்கே உள்ள நிஷி கசாயில் குடியேறினார்கள். அதற்குத் தோசாய் ரயில் பாதை ஒரு காரணம் என்றால், வாடகைக்குப் பொறுப்பேற்க ஜாமீன் ஆள் கேட்காத இந்த யூஆர் வீடுகள் இன்னொரு காரணம்.

இனி பணம். மாத வாடகை 1 லட்சம் யென் என்று வைத்துக்கொள்வோம். தனியார் வீட்டில் டோக்கியோ வழக்கப்படி ஷிகிகின் எனும் முன்பணம் ஒரு மாதம், வீட்டுக்காரருக்கே போய்விடும் ரெய்கின் ஒரு மாதம், ஏஜென்ட் கமிஷன் வரியோடு 1,10,000, வாடகைக்குப் பொறுப்பேற்கும் ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதம், பூட்டு மாற்ற ஒரு 20,000, முதல் மாத வாடகை. கூட்டிப் பார்த்தால் 4,80,000 யென். வீட்டுக்கு வீடு இது மாறும். ரெய்கின் இல்லாத வீடுகளும் உண்டு. ஆனால் சாவி கைக்கு வருமுன் வாடகையைப் போல நான்கைந்து மடங்கு எண்ணி வைக்க வேண்டும் என்பது பொதுவான நிலை. யூஆரில் இரண்டு மாத முன்பணம், முதல் வாடகை, அதாவது 3 லட்சம். ரெய்கின் கிடையாது, கமிஷன் கிடையாது, ஜாமீன் கிடையாது. பராமரிப்புக் கட்டணம் தனி. அது தனியாரிலும் உண்டு.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கோஷின்ரியோ, அதாவது ஒப்பந்தப் புதுப்பிப்புக் கட்டணம். டோக்கியோவைச் சுற்றி பெரும்பாலும் ஒரு மாத வாடகை. இது நியாயமா என்று வழக்குகள் நடந்து, அளவுக்கு மீறாத வரை செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யூஆரில் இந்தக் கட்டணமே இல்லை. நான்கு ஆண்டு இருப்பதாகக் கணக்குப் போட்டேன். தனியாரில் திரும்பி வராத பணம்: ரெய்கின், கமிஷன், ஜாமீன் நிறுவனத்துக்கு முதலில் அரை மாதமும் பிறகு ஆண்டுக்குச் சுமார் 10,000-மும், பூட்டு, ஒரு புதுப்பிப்பு. மொத்தம் 4,10,000 யென் வருகிறது. மாதத்துக்கு வகுத்தால் 8,500 சொச்சம். ஆகவே அதே அளவு யூஆர் வீடு மாதம் 8,000 யென் கூடுதலாக இருந்தாலும் நஷ்டமில்லை. யூஆர் வாடகை அப்படி ஒன்றும் குறைவில்லையே என்று சொல்பவர்களிடம் நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். அது சந்தை வாடகையை ஒட்டியே வைக்கப்படுகிறது, உண்மைதான். மிச்சமாவது மற்ற இடத்தில்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ஒரு ஏஜென்ட் கடையில் உட்கார்ந்திருந்தேன். நான் விரல் வைத்துக் காட்டிய வீடுகளுக்கு அவர் ஒவ்வொன்றாகப் போன் போட்டார். வாடிக்கையாளர் வெளிநாட்டவர், பரவாயில்லையா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. என்ன வேலை, எவ்வளவு சம்பளம், இங்கே எத்தனை காலமாக இருக்கிறேன், எதுவும் அதற்கு முன்னால் வரவில்லை. மறுமுனையில் பதில் வந்ததும் போனைப் பிடித்தபடியே தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டு, அந்த வீட்டின் தாளைக் கவிழ்த்து வைத்தார். மேசை ஓரத்தில் கவிழ்ந்த தாள்கள் சேர்ந்துகொண்டே போயின. அவர் மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் வெளியே வந்தபோது மனசு கனத்துத்தான் இருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 39 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். கியோத்தோ மாவட்ட நீதிமன்றம் 2007-இல் இப்படி மறுத்த ஒரு வீட்டுக்காரரை இழப்பீடு தரச் சொன்னது. வழக்குப் போட்டு ஜெயிக்கலாம், ஆனால் அடுத்த மாதம் குடியேற வீடு வேண்டியவருக்கு வழக்கு எதற்கு உதவும்?

யூஆரில் கேட்பது வருமானத் தாள், குடியிருப்பு அட்டை. குடும்பமாக இருந்து வாடகை 82,500 முதல் 2 லட்சத்துக்குள் என்றால், மாத வருமானம் 3,30,000 யென் வேண்டும். தனி ஆள் என்றால் 62,500-க்கு மேல் 2 லட்சத்துக்குள் உள்ள வீட்டுக்கு 2,50,000. அதற்குக் கீழ் வாடகை என்றால் வாடகையைப் போல நான்கு மடங்கு. வருமானம் எட்டவில்லையா, வாடகையைப் போல 100 மடங்கு சேமிப்பைக் காட்டலாம், அல்லது ஓராண்டு வாடகையோ அதற்கு மேலோ முன்கூட்டியே கட்டிவிடலாம். கண்டிப்பான விதிதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி, முதலில் வருபவருக்கு வீடு. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் யூஆர் பக்கம் நிற்கிறேன்.

வீட்டைப் பற்றிப் பார்த்தால் போட்டி கடுமையாகிறது. யூஆரில் பழைய கட்டடங்கள் ஏராளம். ஐந்து மாடி, லிஃப்ட் இல்லை என்ற வகை இன்னும் நிறைய இருக்கிறது. குழந்தை வண்டியோடு நான்காவது மாடி ஏறுவதை நினைத்துப் பாருங்கள். பல வீடுகளில் ஏசி நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும், அடுப்பும் விளக்கும்கூட. நிலையத்திலிருந்து பேருந்து பிடிக்க வேண்டிய தான்ச்சிகளும் உண்டு. மான்ஷன் என்று இங்கே சொல்லும் தனியார் அடுக்குமாடிக் கட்டடத்தில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை, தானாகப் பூட்டும் வாசல், பார்சல் பெட்டி, துணி காயும் குளியலறை என்று எல்லாம் தயாராக இருக்கும். காலையில் தோசாய் பாதையில் நசுங்கிக்கொண்டு அலுவலகப் பகுதியான ஓத்தேமாச்சிக்குப் போகிறவருக்கு அந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

ஆனால் நம் சமையல் என்று வரும்போது கான்கிரீட் சுவரின் மதிப்பு புரியும். வாடகை குறைவு என்று மரச்சட்ட அப்பார்ட்மென்டில் குடிபோனால், இரவு ஒன்பது மணிக்கு மிக்ஸி போட முடியாது. சட்னி அரைக்கும் சத்தம் பக்கத்து வீட்டுக்காரர் தலைமாட்டில் கேட்கும். இரண்டாம் நாளே வீட்டை நிர்வகிக்கும் கம்பெனியிலிருந்து, சத்தம் வேண்டாம் என்று யார் பெயரும் குறிப்பிடாத ஒரு தாள் எல்லாத் தபால் பெட்டியிலும் விழும். தான்ச்சியிலும் சத்தம் போடக்கூடாதுதான். ஆனால் அங்கே சுவர் தாங்கும், கட்டடங்களுக்கு நடுவே இடம் இருக்கும், குழந்தைகள் ஓட மைதானம் இருக்கும்.

தான்ச்சி வாழ்க்கையில் உரசலே இல்லை என்று சொல்ல மாட்டேன். சைதாமாவின் கவாகுச்சியில் 1978-இல் கட்டிய ஷிபாசோனோ தான்ச்சியில் இன்று பாதிக்கு மேல் வெளிநாட்டவர், பெரும்பாலும் சீனர். குப்பை, சத்தம் என்று ஒரு காலத்தில் பெரும் மனக்கசப்பு. அப்புறம் குடியிருப்போர் சங்கமும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து, இரு தரப்பும் ஒன்றாக உட்கார வழி செய்தார்கள். வெளிநாட்டவரைப் பற்றிய பேச்சு 2025 மேலவைத் தேர்தலில் எவ்வளவு சூடாக இருந்தது என்று பார்த்தோம். அந்தப் பேச்சுக்கு நடுவில் எனக்கு நம்பிக்கை தருவது இந்த மாதிரி இடங்கள்தான். தனியார் மான்ஷனில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் பல வருடம் ஓடிவிடும்.

சரி, தனி ஆட்கள். யூஆரில் ஒற்றை அறை வீடுகள் குறைவு, நகரின் நடுவில் இன்னும் குறைவு. வருமான வரம்பு மாணவர்களுக்கு எட்டாது. 50,000 அல்லது 60,000 யென்னில் ஓர் அறை வேண்டுமென்றால் தனியார்தான் வழி. நிறுவனம் தன் பெயரில் வீடு எடுத்துத் தந்தால் இன்னும் நல்லது, பாதித் தொல்லை அதோடு போய்விடும். தேடுவதை ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரலில் பள்ளியும் வேலையும் தொடங்குவதால் ஊரே வீடு மாறும் காலம் அது, யாரும் ஒரு யென் குறைக்க மாட்டார்கள். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் கேட்டால் ரெய்கினைத் தள்ளுபடி செய்யும் வீட்டுக்காரர்கள் உண்டு.

வாடகை உயர்வுக் கடிதம் இரண்டு இடத்திலும் வரலாம். யூஆரும் சுற்றுவட்டார வாடகையைப் பார்த்து உயர்த்துகிறது, ஆனால் அதற்கென்று வைத்த முறைப்படி. தனியாரில் கட்டடம் கைமாறினால் என்ன வருமென்று தெரியாது. கடிதம் வந்ததும் பயந்து கையெழுத்துப் போடாதீர்கள். நிலம், வீட்டு வாடகைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் முடிவு சொல்லும் வரை நீங்கள் நியாயம் என்று நினைக்கும் தொகையைக் கட்டிவரலாம். பின்னால் உயர்வு சரி என்று தீர்ப்பானால் பாக்கியை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியோடு தர வேண்டும். நியாயமான காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்லவும் முடியாது. ஆனால் 2000-இல் வந்த தெய்கி ஷக்கா என்ற குறித்த கால ஒப்பந்தத்துக்கு இந்தக் கடைசிப் பாதுகாப்பு கிடையாது. காலம் முடிந்தால் கிளம்ப வேண்டியதுதான். இப்போது தனியாரில் இது கூடிவருகிறது. யூஆரிலும் 35 வயது வரை உள்ளவர்களுக்கான மூன்று ஆண்டுத் தள்ளுபடித் திட்டம் இந்த வகைதான். கையெழுத்துக்கு முன் எந்த வகை என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

காலி செய்யும்போது முன்பணம் திரும்புமா? பழகியதால் வரும் தேய்மானம் குடியிருப்பவர் பொறுப்பு இல்லை என்று 2020 ஏப்ரலிலிருந்து சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. நிலம், உள்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகத்தின் வழிகாட்டி, சுவரில் ஒட்டிய தாளின் மதிப்பு ஆறு ஆண்டில் ஒரு யென்னுக்கு இறங்கும் என்கிறது. அடுப்புக்குப் பின்னால் மஞ்சளும் எண்ணெயும் படிந்த கறைக்கு மட்டும் வாதாட முடியாது, அது நம் பொறுப்பு. குடிபோன முதல் நாளே அந்த இடத்தில் அலுமினியத் தாள் தடுப்பு வைத்துவிடுங்கள், நூறு யென் கடையில் கிடைக்கிறது.