பாட்டியோடு பார்க்க எது: ‘அப்’ படமா, ‘கோகோ’வா?

பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்துவிட்டால் டிவி அவர்கள் கையில்தான். பெரியவர்களும் எழுந்து போகாமல் உட்கார எதைப் போடலாம்? எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். இரண்டும் பிக்ஸார் நிறுவனத்தின் அனிமேஷன் படங்கள், இரண்டும் ஆஸ்கார் வாங்கியவை.

நீளம்: ‘அப்’ (2009) 96 நிமிடம், ‘கோகோ’ (2017) 105 நிமிடம். சரி, பெரிய வித்தியாசமில்லை.

மொழி: இங்கே ‘அப்’ முந்துகிறது. கதையின் தம்பதி கார்லும் எல்லியும் கல்யாணம் கட்டியதிலிருந்து எல்லி கண்மூடும் வரை சில நிமிடங்களில், பேச்சே இல்லாமல் ஓடிவிடும். பயணத்துக்குச் சேர்த்த காசு ஜாடியை டயருக்காக உடைக்கிற இடத்தில், பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி எங்களை வளர்த்த பாட்டி, “நம்ம சீட்டுக் காசும் இப்படித்தான்டா போச்சு” என்றார். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது அவருக்கு! ‘கோகோ’வில் பேச்சும் பாட்டும் அதிகம்; பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

நெருக்கம்: இதில் ‘கோகோ’தான். மெக்சிகோவின் இறந்தோர் நாளில் படம் வைத்து, செண்டுப்பூ போட்டு, பிடித்த சாப்பாட்டைப் படைக்கிறார்கள். நம் ஆட்களுக்கு விளக்கவா வேண்டும்? ‘அப்’பின் பிற்பாதியில் நாய்கள் பேச ஆரம்பித்ததும் பாட்டி தூங்கிவிட்டார். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது.

காது மந்தமானவர், பேச்சு புரியாதவர் என்றால் ‘அப்’. அண்மையில் துணையை இழந்தவருக்கு மட்டும் வேண்டாம், தொடக்கமே அடித்துவிடும். வீடு நிறைய சொந்தம் கூடியிருந்தால் ‘கோகோ’. தீபாவளிப் படையலுக்கு முந்திய வாரம் அதைப் போட்டோம். முடிந்ததும் பாட்டி தகரப்பெட்டியைத் திறந்து, தாத்தாவின் பழைய அடையாள அட்டைப் படத்தைத் தேட ஆரம்பித்தார்.