சேலம் வெயிலுக்கும் ஏற்காட்டு மூடுபனிக்கும் ஒரே வாட்டர்கலர் பெட்டி: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

காலையில் சேலத்தில், நெசவாளர்கள் பாவு நீட்டும் பாவடியிலோ ஜவ்வரிசி காயவைக்கும் சேகோ பாக்டரிக் களத்திலோ உட்கார்ந்து வரைந்துவிட்டு, மதியத்துக்கு மேல் ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்கு ஏறுகிறவர்களுக்கு, கடைக்காரர் சொல்லும் சிபாரிசில் பாதிதான் பொருந்தும். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 30 கிலோமீட்டரும் 20 கொண்டை ஊசி வளைவுகளும்தான். கீழே இரண்டு நிமிடத்தில் காய்கிற வாஷ் (தண்ணீர் நிறையக் கலந்து பரப்பும் வண்ணப் பூச்சு), மழைக்காலத்தில் மேலே அரை மணி நேரமானாலும் ஈரமாகவே கிடக்கும். ஆண்டுக்கணக்கில் இரண்டு இடத்திலும் அடிபட்டுத் தேறிய சாமான்கள் இவை: டியூப் வண்ணத்தை நிரப்பிய 12 அரை பேன் (சின்ன வண்ணக் கிண்ணம்) கொண்ட தகரப் பெட்டி, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்திக் காகிதம், 8, 12 எண் வட்ட பிரஷ்கள், ஓர் அங்குலத் தட்டை பிரஷ், மெல்லிய கோடு இழுக்க நீள முடி கொண்ட 2ஆம் எண் ரிக்கர் பிரஷ், வார்னிஷ் அடித்த பிளைவுட் பலகை, கறுப்புக் குடை, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு.

காசைக் கொட்ட வேண்டிய இடம் காகிதம். வண்ணத்தில் சிக்கனம் பிடித்தால்கூட ஒப்பேற்றிவிடலாம், காகிதத்தில் பிடித்தால் முடியாது. மரக்கூழ்க் காகிதம் சித்திரை வெயிலில் தண்ணீரைப் பிடித்து வைக்காது. வானத்துக்கு வாஷ் இழுத்துப் பாதி தூரம் போவதற்குள் மேல் விளிம்பு காய்ந்து கோடு விழும். பருத்திக் காகிதம் ஈரத்தை உள்ளே இழுத்து மெதுவாக விடும். 56க்கு 76 செ.மீ. முழு ஷீட்டை வாங்கி நான்காக வெட்டினால் செலவு தாங்கும்படி வரும். கடும் வெயிலில் இன்னொரு வழி உண்டு. காகிதத்தை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து அக்ரிலிக் தகட்டின்மேல் ஒட்டவைத்தால், அடியிலிருக்கும் ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். நிழலில் உட்கார்ந்தால் இருபது நிமிடம் வரை வேலை பார்க்கலாம்.

அதே காகிதம் மலையில் வேறு விதமாகப் பழிவாங்கும். ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் ஸைசிங், அதாவது தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காமல் தடுக்கும் பசை, செத்துப்போகும். பார்வைக்குத் தெரியாது. வெளிர் வாஷ் போட்ட பிறகுதான் அங்கங்கே அடர்ந்த புள்ளிகளாகக் கறை இறங்கும். சரிசெய்ய வழியில்லை. தூக்கிப் போட வேண்டாம், கொவாஷ் போன்ற, அடியை மறைத்து மூடும் வண்ணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாங்கியதும் ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, அன்றைக்குத் தேவையான ஷீட்டை மட்டும் மேலே எடுத்துப் போவதே நல்லது.

மேலே வாஷ் காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது. புறங்கையைக் காகிதத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா, உள்ளே ஈரம் இருக்கிறது. பளபளப்பு போய் மங்கலாகும் அந்த இடைப்பட்ட நேரம்தான் மோசம். அப்போது தண்ணீர் கூடுதலான பிரஷ்ஷை வைத்தால் காலிபிளவர் மாதிரி விளிம்பு பூத்துவிடும். இரண்டு பலகை எடுத்துப் போய் மாற்றி மாற்றி வரைவது காத்திருக்கும் எரிச்சலுக்கு மருந்து.

பெட்டியில் பேன்களை ஒரேயடியாக நிரப்பாதீர்கள். பாதி நிரப்பி, பல்குச்சியால் கிளறிக் காற்றுக்குமிழியை விரட்டி, காய்ந்ததும் மீதியை நிரப்பினால் வெடிப்பு குறையும். வெயில் காலத்தில் உலர்ந்து உதிரும் பேனுக்கு ஒரு சொட்டு கிளிசரின் போதும். கூடினால் மழைக்காலத்து ஏற்காட்டில் அது உறையவே உறையாது, மூடியில் ஒட்டிப் பக்கத்து நிறத்தில் வழியும். பூஞ்சை இன்னொரு தொல்லை. ஈரத்தோடு மூடிய பெட்டியில் வெள்ளையாகப் படரும். மலையிலிருந்து இறங்கிய இரவு பெட்டியைத் திறந்து ஃபேனுக்கடியில் வைத்தாலே பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் மேல்பரப்பை வழித்தெடுத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம்.

சேகோ களம் இந்தப் பக்கத்துக்கே உரிய காட்சி, வரைய வந்தவரை முதலில் தோற்கடிப்பதும் அதுதான். வெள்ளை ஜவ்வரிசி, வெளிறிய சிமென்ட் தரை, உச்சி வெயில். வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடப் பூசும் மாஸ்கிங் ஃப்ளூயிட் இங்கே வேண்டாம். அது ரப்பர் பால், சூட்டில் காகிதத்தோடு ஒட்டிப்போய் உரிக்கும்போது நாரையும் கிழிக்கும். காகித வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு நிழலை மட்டும் போடுங்கள். அல்ட்ராமரைனில் துளி பர்ன்ட் சியன்னா, நிறையத் தண்ணீர். பரப்பிய ஜவ்வரிசியைப் பலகையால் கிளறி இழுத்த வரிகளில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய நிழல் விழும். அதை எல்லா வரிக்கும் போடாமல் முன்னால் இருக்கும் நாலைந்துக்குப் போட்டால் களம் தானாக விரியும். ஆளின் நிழல் காலடியில் கூர்மையாகவும் தள்ளிப்போகப் போக மங்கலாகவும் இருக்கும். தரையின் வெள்ளை மேலே அடிப்பதால் கிளறுகிற பெண்ணின் முகவாய்க்குக் கீழே கறுப்பாக இராது, இளஞ்சூடான ஆரஞ்சு சாயல் தெரியும். இதைக் கவனித்துப் போட்டால்தான் வெயில் வெயிலாக இருக்கும்.

காகிதம் நேர் வெயிலில் இருந்தால் கண் கூசி, வேண்டியதைவிட அடர்த்தியாகக் கலப்போம், வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருட்டாக இருக்கும். குடை அதற்குத்தான். சிவப்பு, நீலக் குடை காகிதத்துக்குச் சாயம் ஏற்றும், கறுப்பே சரி.

பாவு (தறிக்குப் போகும் நீள நூல்கள்) நீட்டும் தெருவில் ஒவ்வொரு நூலாக வரைய ஆசை வரும். பாவு முழுவதையும் ஒரே வெளிர் பட்டையாகப் போடுங்கள். நூல்கள் பிரிந்து தெரிவது குறுக்குக் குச்சி செருகிய இடங்களில் மட்டுமே, அங்கே ரிக்கரால் இடைவெளி இருட்டை இழுத்தால் போதும். நடுவில் பாவு சற்றுத் தொய்யும். அந்த வளைவை விட்டுவிட்டால் பலகையைக் கிடத்தியது போல ஆகிவிடும். காலையில் சீக்கிரம் போங்கள், வெயில் ஏறினால் சுருட்டி எடுத்துவிடுவார்கள்.

சாப் கிரீன் என்ற பச்சையை டியூபிலிருந்து அப்படியே போட்டால் வயலும் தோட்டமும் பிளாஸ்டிக்காகத் தெரியும். அல்ட்ராமரைன், ஒரு மஞ்சள், துளி பர்ன்ட் சியன்னா, இதில் ஊர்ப் பச்சை எல்லாம் கிடைக்கும். காபித் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கின் இலை அடிப்பக்கம் வெள்ளிச் சாம்பல், அதற்குக் கோபால்ட் நீலத்தில் கொஞ்சம் யெல்லோ ஆக்கர். மூடுபனிக்கு வெள்ளை வண்ணத்தைத் தொடாதீர்கள், சுண்ணாம்பு பூசியது போலாகும். தூரத்து மரத்தை வெளிராகப் போட்டு, ஈரம் இருக்கும்போதே அடியை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தாலோ நீலம் கறை பிடிக்கும் ரகம், ஒற்றினாலும் வராது. பனிக்காட்சியில் அதற்கு இடமில்லை.

பிரஷ்ஷில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சிந்தெடிக் நுனி தண்ணீரில் நிற்கவைத்தால் கொக்கியாக வளையும், மரப்பிடி ஊறிக் காய்ந்து ஊறி, முடியைப் பிடித்திருக்கும் தகரம் கழலும். படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

மாஸ்கிங் டேப் கீழே சூட்டில் பசையை விட்டுச் செல்லும், மேலே ஈரத்தில் பிடியை விடும். மேலே நான்கு மூலையிலும் கிளிப் போதும். கீழே டேப்தான் வேண்டுமென்றால், காகிதம் முழுக்கக் காய்ந்த பிறகு படத்துக்கு வெளிப்பக்கமாக, தாழ்வாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள்.

பிரேம் போடும்போது கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது, நடுவே மவுண்ட் அட்டை கட்டாயம். ஈரச் சுவரில் மாட்டுவதாக இருந்தால் பின்னால் கார்க் துண்டு ஒட்டிக் காற்றோட்டம் விடவும். அலிசரின் கிரிம்சன் (டியூபில் பி.ஆர். 83 என்ற நிறமிக் குறியீடு இருக்கும் சிவப்பு) வெளிச்சத்தில் வெளிறும் நிறம். அது கலந்த படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்ட வேண்டாம்.